வோக்டன் கைத்துப்பாக்கிகளின் வேலைத்திறன் எங்கே இருக்கிறது?

கேள்வி:
1804இல் அமெரிக்க அரசியல்வாதிகள் ஹாமில்டனும் பர்ரும் மோதிய டூயலில் (இருவர் முன்கூட்டியே பேசி நடத்தும் துப்பாக்கிச் சண்டையில்) பயன்பட்டவை லண்டன் வோக்டன் பட்டறையின் கைத்துப்பாக்கிகள் என்று அறிந்து, அவற்றின் படங்களைப் பார்த்தேன். பிரான்சின் வெர்சாயில் துப்பாக்கிக் கைவினைஞர் பூத்தே செய்தவற்றில் தங்கமும் வெள்ளியும் மின்ன, இவை ஏறக்குறைய மொட்டையாகவே இருக்கின்றன. இவற்றை உயர்ந்த கைவினை என்று எதைக் கொண்டு மதிக்கிறார்கள்?

மறுமொழி 1:
சுடும் இயக்கமான விசைப்பொறியைக் கழற்றி உட்புறத்தைப் பார்த்தால்தான் விடை கிடைக்கும். சக்கிமுக்கிக் கல் எஃகுத் தகட்டைச் சுரண்டித் தீப்பொறி எழுப்பி, அதன் கீழுள்ள சிறு கிண்ணத்து வெடிமருந்து பற்றி, அந்தத் தீ சிறு துளை வழியே குழலுக்குள் சென்ற பிறகே குண்டு புறப்படும்; அதற்குள் கை சற்று அசைந்தாலும் குறி தவறிவிடும் என்பதால், லண்டன் கைவினைஞர்கள் அந்தக் கணநேரத் தாமதத்தைக் குறைப்பதிலேயே தங்கள் திறமையைச் செலவிட்டார்கள். தகடு தடையின்றித் திறக்க, அது விசைவில்லோடு (ஸ்பிரிங்கோடு) உரசும் இடத்தில் ஒரு சிறு உருளையைப் பொருத்தினார்கள். தீ செல்லும் அந்தப் பற்றுத்துளை அரித்துப் பெரிதாகாமலிருக்கத் தங்கமோ பிளாட்டினமோ பதித்தார்கள். தங்கம் இருக்கத்தான் செய்கிறது, காட்சிக்கு அல்ல. ஹென்றி நாக் 1787இல் காப்புரிமை பெற்ற அமைப்பில், குழலின் அடியிலுள்ள சிறு முன்னறையில் மருந்து முதலில் பற்றி, மீதியை வேகமாக வெடிக்கச் செய்தது. குழலைப் பளபளப்பாக விடாமல் துருவேற்றிப் பழுப்பாக்கியதும், குறி பார்க்கும்போது கண் கூசாமலிருக்கத்தான்.

மறுமொழி 2:
முன்னவர் கூறியது டூயல் துப்பாக்கிகளுக்குப் பொருந்தும். ஆங்கிலேயர் எக்காலத்திலும் எளிமையை விரும்பினார்கள் என்று கொள்ள வேண்டாம். அரசி ஆனின் பெயர் கொண்ட 'குயின் ஆன்' கைத்துப்பாக்கி வகையில், பீரங்கி வடிவக் குழலைத் திருகிக் கழற்றி அடியில் மருந்தும் குண்டும் இடுவார்கள். பிடியின் முனையிலோ வெள்ளியில் வார்த்த கோரமுகம் பல்லிளிக்கும். அரசி 1714இல் மறைந்த பின்னும் பல பத்தாண்டுகள் இவ்வகை செய்யப்பட்டதால், காலத்தைக் கணிக்கப் பெயரை நம்பாமல், வெள்ளியில் தர முத்திரை இருந்தால் அதில் ஆண்டைக் குறிக்கும் எழுத்தைப் பாருங்கள்.

மறுமொழி 3:
விசைப்பொறியில் பொறித்த பெயரையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. குழல் அடிப்பவர், பொறி அராவுபவர், கட்டை செதுக்குபவர், சித்திரம் வெட்டுபவர் எனப் பலர் கைமாறிய பொருள் அது. பெயருக்குரியவர் தரத்துக்குப் பொறுப்பேற்றவர். 1807இல் ஃபார்சைத் காப்புரிமை பெற்ற வெடியுப்பு முறை (கல்லுக்குப் பதிலாக, அடித்தால் வெடிக்கும் உப்பால் தீயூட்டுவது) பரவியபோது நல்ல துப்பாக்கிகள் பலவற்றை அதற்கு மாற்றினார்கள்; சேகரிப்பாளர்களுக்காக அவற்றில் சிலவற்றைப் பின்னர் மீண்டும் சக்கிமுக்கிக் கல் முறைக்கே மாற்றினார்கள். கிண்ணமும் தகடும் மட்டும் புதிதாய்த் தெரிந்தால் விலை பேசுவதை நிறுத்திவிட்டு, பற்றுத்துளையைச் சுற்றி ஒட்டு இருக்கிறதா என்று உருப்பெருக்கியால் பாருங்கள்.