சைனா கை மிஷினுக்கு மிதி வைத்த அனுபவம்

செருப்பு தைக்கும் சைனா கை மிஷினை மிதி மிஷினாக மாற்றியவர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டிருந்தார்கள். நாங்கள் மாற்றி இரண்டு வருடம் ஆகிறது. கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

திண்டுக்கல்லில் அப்பாவுக்குச் செருப்பு, பை பழுது பார்க்கும் கடை. ஜூன் மாதம் பள்ளி திறந்தால் பைகளும் ஷூக்களும் குவிந்துவிடும். அப்படி ஒரு ஜூனில் அப்பாவின் வலது தோள் பிடித்துக்கொண்டது. சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்தால் பத்தாவது தையலிலேயே முகம் சுருங்கும். மோட்டார் வைத்துவிடலாம் என்றேன். அவருக்கு விருப்பமில்லை. "ஊசி எங்க இறங்குதுன்னு பாத்துப் பாத்து இறக்கணும்டா, மோட்டார் அதுக்கெல்லாம் காத்திருக்காது" என்றார். வீட்டில் அம்மாவின் பழைய தையல் மிஷின் ஸ்டாண்டு கிடந்தது. மேல் மிஷின் தேய்ந்துபோய் எப்போதோ கழற்றியாகிவிட்டது. கால் மட்டும் நன்றாக இருந்தது.

இந்த மிஷினைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. துணி மிஷினில் ஊசிக்கு அடியில் இருக்கும் பல் துணியைத் தள்ளும். இதில் அடியில் பல் கிடையாது. மேலிருந்து அழுத்தும் பாதமே தோலைக் கவ்வி நகர்த்தும். அந்தப் பாதம் முழு வட்டமாகத் திரும்பும் என்பதால் எந்தத் திசையிலும் தைக்கலாம். ஆனால் பாதத்தைத் திருப்ப ஒரு கை, தோலைப் பிடிக்க ஒரு கை, சக்கரத்தைச் சுற்ற ஒரு கை வேண்டும். நமக்கு இருப்பது இரண்டுதான். வளைவு வந்தால் நிறுத்தி, திருப்பி, மறுபடி சுற்றி என்று போகும்போதுதான் தையல் கோணுகிறது.

வேலையில் இறங்குவதற்கு முன் அளவு எடுத்தேன். ஸ்டாண்டின் பெரிய சக்கரம் 12 அங்குலம். மிஷினின் கைச்சக்கரம் கிட்டத்தட்ட 10 அங்குலம். கைச்சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஒரு தையல். அப்படியானால் ஒரு மிதிக்கு ஒன்றே கால் தையலுக்குச் சற்றுக் குறைவு. நிமிடத்துக்கு 50 மிதி மிதித்தால் 60 தையல். அங்குலத்துக்கு 6 தையல் வைத்தால் நிமிடத்தில் 10 அங்குலம் ஓடும். துணி தைப்பவர்களுக்கு இது நத்தை வேகமாகத் தெரியும். தோலுக்கு இதுதான் சரி. வேகம் குறையக் குறைய ஊசிக்குப் பலம் கூடும். கைச்சக்கரம் இவ்வளவு பெரியதாக இருப்பது நமக்குக் கிடைத்த வரம். அதைக் கழற்றிவிட்டு, பெல்ட் ஓடும் சின்னச் சக்கரமான புல்லி போட வேண்டாம்.

ஒரே சிக்கல், அந்தச் சக்கரத்தில் பெல்ட் ஓடப் பள்ளம் இல்லை. லேத்தில் கொடுத்து வெட்டலாம் என்று கொண்டுபோனேன். வார்ப்பிரும்பு, விளிம்பு மெலிசு, விரிசல் விட்டால் ஒட்ட வைக்க முடியாது என்று லேத்காரர் சொல்லிவிட்டார். நல்ல மனிதர். அவரே யோசனையும் சொன்னார். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் வட்டம் அறுத்து, ஓரத்தில் பள்ளம் எடுத்து, சக்கரத்தின் ஆரங்களுக்கு இடையில் நான்கு போல்ட் விட்டு, பின்பக்கம் பட்டைத் தகடு வைத்து முடுக்கினோம். பள்ளத்தின் அடியில் 10 அங்குல விட்டம் நிற்கும்படி அறுத்துக்கொண்டோம்.

இதில் அவசரப்பட்டால் வட்டம் மையத்தில் உட்காராது. சுற்றும்போது பெல்ட் ஒரு முறை இறுகும், ஒரு முறை தொய்யும். நான் செய்தது இதுதான்: போல்ட்டுகளை அரைகுறையாக முடுக்கிவிட்டு, ஒரு பென்சிலை விளிம்பை ஒட்டி அசையாமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தை மெதுவாகச் சுற்றினேன். எந்த இடத்தில் கோடு விழுகிறதோ அந்தப் பக்கம் வெளியே தள்ளியிருக்கிறது. அங்கே தட்டி உள்ளே தள்ள வேண்டும். கோடு சுற்றிலும் ஒரே மாதிரி விழ ஒரு மாலை முழுக்க ஆனது. அப்புறம் பள்ளத்துக்குள் சைக்கிள் டியூப்பைப் பட்டையாக வெட்டி ஒட்டினேன். பெல்ட் வழுக்கவே இல்லை.

மேல்பலகை 2 அங்குலக் கனமுள்ள வேம்பு. இரண்டு சக்கரமும் ஒரே தளத்தில் சுழலும்படி மிஷினைத் திருப்பி வைத்து, மேல் பள்ளத்திலிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். நூல் கீழ்ச் சக்கரத்தின் பள்ளத்துக்கு நேராக வந்த பிறகுதான் துளை போட்டேன். பெல்ட், துணி மிஷினுக்குப் போடும் அதே உருண்டைத் தோல் பெல்ட்தான். முதல் இரண்டு வாரத்தில் நீண்டது. அரை அங்குலம் வெட்டிக் கொக்கி மாட்டினேன்.

முதல் நாள் அப்பா மிதித்ததும் சக்கரம் பின்பக்கமாகச் சுற்றி, அடியில் நூல் உருண்டைகட்டிப் போனது. கையால் சுற்றும்போது திசை தவறாது. காலுக்கு அது தெரியாது. விளிம்பைக் கையால் சரியான பக்கம் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, பிறகு காலைத் தொடர விட வேண்டும். அதைப் பழக அவருக்கு நான்கு நாள் ஆனது. ஐந்தாம் நாள் ஒரு பள்ளிப் பையின் தோள்வாரை நிறுத்தாமல் சுற்றித் தைத்து, எதுவும் சொல்லாமல் என் பக்கம் நீட்டினார். முனை வளைவில் ஒரு தையல்கூட விலகவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

*

ஆம்பூரிலிருந்து:

தம்பி, வேகம் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கும் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, இப்போது வீட்டில் பர்ஸும் பெல்ட்டும் தைக்கிறேன். நான் மாற்றியபோது கைச்சக்கரத்துக்குப் பதிலாக 3 அங்குல புல்லி போட்டுவிட்டார்கள். ஒரு மிதிக்கு நான்கு தையல். மெல்லிய ஆட்டுத்தோலில் பறந்தது. இரண்டு மடிப்பு மாட்டுத்தோல் வந்ததும் நின்றுவிட்டது. ஓங்கி மிதித்தேன், ஊசி உடைந்து தெறித்தது. ஒரே வாரத்தில் ஏழு ஊசி. பெரிய சக்கரத்தையே திரும்ப மாட்டிய பிறகுதான் நிம்மதி. கனமான விளிம்பு சுற்றும்போது அதற்குள்ளேயே ஒரு பலம் சேர்கிறது. தடித்த இடத்தில் அதுதான் ஊசியை இறக்குகிறது.

இன்னொன்று, பெண்கள் கவனிக்க வேண்டியது. என் துப்பட்டா ஒரு தடவை பெல்ட்டில் சிக்கிக் கழுத்தை இழுத்துவிட்டது. அன்றைக்கே எண்ணெய் டின் தகட்டை வெட்டி பெல்ட்டுக்கு மறைப்பு வைத்தேன். கைப்பிடியையும் கழற்றிவிடுங்கள். சுற்றுகிற கைப்பிடி முட்டியில் பட்டால் எலும்பு வரை வலிக்கும்.

*

கோயம்புத்தூரிலிருந்து:

என்னிடம் இருப்பது சிங்கர் கம்பெனியின் பழைய செருப்பு மிஷின், 29கே. இந்தச் சைனா மிஷினும் அதே வழியில் வந்ததுதான், பாதம் சுற்றுவதும் மேலிருந்து இழுப்பதும் அதே முறை. 'கே' என்பது ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில் இருந்த கில்போவி ஆலையைக் குறிக்கும். அந்த ஆலை 1980இல் மூடப்பட்டது. இது மிதி ஸ்டாண்டோடு என் கைக்கு வந்தது, அதனால் மாற்றும் வேலை இல்லை. ஒரு கேள்வி: சைனா மிஷினில் தையல் விட்டுவிட்டு விழுகிறது என்கிறார்களே, மிதி வைத்த பிறகு அது சரியானதா?

*

திண்டுக்கல்லிலிருந்து மறுபடியும்:

மிதி அதைச் சரி செய்யாது அண்ணா. அது தனி வேலை. அடிநூலைக் கொண்டுபோகும் ஷட்டிலைக் கழற்றிப் பார்த்தால் வார்ப்பின் சொரசொரப்பு அப்படியே இருக்கும். மெல்லிய எமரித் தாளால் நூல் உரசும் ஒவ்வொரு இடத்தையும் வழவழப்பாகத் தேய்த்தேன். 69ஆம் எண் நைலான் நூலுக்கு 18ஆம் எண் ஊசி போட்டேன். தையல் விட்டுப்போவது அநேகமாக நின்றது. பாபின் மட்டும் மிகச் சின்னது, அதற்கு வழியில்லை. ஐந்தாறு பாபினை முன்கூட்டியே சுற்றி வைத்துக்கொள்கிறோம். சோல் தைக்க இந்த மிஷினை நம்ப வேண்டாம். வாரும் பையும் மேல்தோலும் தைக்கலாம்.

அக்கா சொன்ன மறைப்பை இந்த வாரமே வைத்துவிடுகிறேன். கைப்பிடியை நானும் கழற்ற வேண்டும் என்றபோது அப்பா முதலில் சம்மதிக்கவில்லை, முப்பது வருடம் பிடித்த பிடி. இப்போது தோள் வலி நன்றாகக் குறைந்துவிட்டது. ஆனாலும் அதைத் திரும்ப மாட்டச் சொல்லவில்லை. ஸ்டாண்டின் டிராயரில் அம்மாவின் பழைய பாபின்களோடு கிடக்கிறது.