தலைக்காயமும் மனக்காயமும் ஒரே கட்டிலில்: வார்டில் பார்த்தவை

நரம்பியல் ஐசியூ, நைட் டியூட்டி:

சாலை விபத்தில் தலையில் அடிபட்டவர். பகலெல்லாம் அமைதியாக இருப்பார். இரவில் பி.பி. கஃப் தானாகக் காற்றேறி இறுக ஆரம்பித்தால் போதும், உதறிக்கொண்டு எழுந்து ஐவி லைனை, அதாவது ரத்தக்குழாயில் மருந்து ஏற்றும் குழாயை, பிடுங்கிவிடுவார். உடனே வரும் பேச்சு, "கையைக் கட்டிடலாமா?" என்பதுதான். கட்டினால் திமிறல் கூடும். திமிறினால் பி.பி. ஏறும், மூளைக்குள் அழுத்தமும் ஏறும்.

முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும். ஆக்சிஜன் அளவு, சர்க்கரை, காய்ச்சல், வலி, இரண்டு கண்மணிகளின் அளவு, யூரின் ட்யூப் மடங்கி மூத்திரப்பை நிரம்பியிருக்கிறதா என்பது வரை. ஜிசிஎஸ் (நினைவு நிலையை அளக்கும் மதிப்பெண்) எழுதும்போது "13" என்று மொத்தத்தை மட்டும் எழுதாதீர்கள். கண் 3, பேச்சு 4, அசைவு 6 என்று பிரித்து எழுதினால்தான் அடுத்த ஷிஃப்டில் எது குறைந்தது என்று தெரியும். அசைவில் ஒன்று குறைந்தாலும் டாக்டரைக் கூப்பிட வேண்டும். ஹேண்ட்ஓவரில், அதாவது ஷிஃப்ட் மாறி நோயாளியை ஒப்படைக்கும்போது, இரண்டு நர்ஸ்களும் சேர்ந்து ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஒரே நோயாளிக்கு ஆளுக்கொரு மதிப்பெண் போடும் தொல்லை அதோடு போகும்.

இவருக்கு அத்தனையும் சரியாக இருந்தது. நொறுங்கிய வண்டிக்குள் வலது கை மாட்டிக்கொண்டு நெடுநேரம் கிடந்தவர் என்பது வீட்டாரிடம் கேட்டபோதுதான் தெரிந்தது. கஃப் இருந்ததும் அதே கையில். இடது கைக்கு மாற்றி, தானியங்கி அளவீட்டை நிறுத்தி, ஒவ்வொரு முறையும் கால்மாட்டில் நின்று சொல்லிவிட்டே தொட்டார்கள்: "ஐயா, நான் சிஸ்டர். ஆஸ்பத்திரியில இருக்கீங்க. ராத்திரி ரெண்டு மணி. இடது கையில பி.பி. பாக்கப் போறேன், கொஞ்சம் இறுக்கும்." அதன்பின் ஐவி லைன் தப்பியது. தூங்குபவரைத் தோளைத் தட்டி எழுப்பவே கூடாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கண் திறந்த பிறகுதான் கிட்டே போக வேண்டும்.

வலிப்பு வார்டு:

மேலே சொன்ன 'முதலில் உடம்பு' என்பது இங்கே சிக்கலாகும். மனக்காயத்தால் வருகிற வலிப்பு உண்டு. கண்களை இறுக மூடியிருப்பார்கள், தலை இடவலமாக ஆடும், கூடிக் குறைந்து நெடுநேரம் நீளும். மூளை மின்கோளாற்றால் வரும் வலிப்பில் பெரும்பாலும் கண் திறந்திருக்கும். ஆனால் ஒரே அடையாளத்தை வைத்து முடிவு கட்ட முடியாது. வீடியோ எடுத்துக்கொண்டே மூளையின் மின்னலைகளைப் பதியும் வீடியோ இஇஜிதான் சொல்ல வேண்டும். சிலருக்கு இரண்டுமே இருக்கும்.

"நடிக்கிறாங்க" என்று சொல்லி நெஞ்செலும்பை அழுத்திப் பார்ப்பதும், கையைத் தூக்கி முகத்தின் மேல் போட்டுப் பார்ப்பதும் கொடுமை. அடி வாங்கி வாழ்ந்த ஒருவருக்கு மறுபடியும் ஓர் அடி அது. அவர் நடிக்கவில்லை, அது அவர் கட்டுப்பாட்டில் இல்லை. எந்த வலிப்பானாலும் செய்ய வேண்டியவை ஒன்றுதான்: நேரம் குறிப்பது, ஒருக்களித்துப் படுக்க வைப்பது, வாயில் எதையும் திணிக்காமலிருப்பது, அமுக்கிப் பிடிக்காமலிருப்பது. 5 நிமிடம் தாண்டினால் அவசரம். மனக்காய வலிப்பு என்று ஏற்கெனவே உறுதியானவருக்கு மட்டும் டாக்டர் தனித் திட்டம் எழுதியிருப்பார், அதைப் படித்து வையுங்கள். வலிப்பை நிறுத்தும் மருந்தான லோரசெபம் தேவையில்லாமல் திரும்பத் திரும்ப ஏறினால் மூச்சு அடங்கும்.

பக்கவாதப் பிரிவு:

பேச்சு போன அம்மா ஒருவர், உடம்பு துடைக்கப் போனால் தொடைகளை இறுக்கிக்கொண்டு அழுவார். 'ஒத்துழைக்கவில்லை' என்று சார்ட்டில் எழுதி முடிப்பது சுலபம். தலையசைப்பை நம்பலாமா என்று முதலில் சோதிக்க வேண்டும்: "இது கட்டிலா?", "இது மரமா?" இரண்டுக்கும் சரியாக அசைத்தால் பிறகு கேட்கலாம். ஆண் ஊழியர் வேண்டாம், திரை முழுக்க மூட வேண்டும், துணியைத் தன் நல்ல கையால் தானே பிடிக்க வேண்டும் என்பது இப்படித்தான் தெரிந்தது. ஒரு நேரத்தில் ஒரு பாகம் மட்டும் திறப்பது. கை தூக்கினால் நிறுத்துவது. பாதியில் இருந்தாலும் நிறுத்துவது. என்ன நடந்தது என்று துருவக் கூடாது. ஹேண்ட்ஓவரிலும் "சொல்லாமல் தொடக் கூடாது" என்பது போதும், அவர் கதை கட்டிலருகே வேண்டாம்.

தண்டுவடப் பிரிவு:

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு: உடம்பின் கோளாறை மனக்காயம் என்று எண்ணிவிடுவது. ஆட்டோனமிக் டிஸ்ரெஃப்ளெக்சியா என்று பெயர், பி.பி. திடீரென ஏறி உயிரையே எடுக்கும். டி6 (நெஞ்சுப் பகுதியின் ஆறாம் தண்டுவட மட்டம்) அல்லது அதற்கு மேல் தண்டுவடம் அடிபட்டவர், மனக்காயத்துக்கும் மருந்து எடுப்பவர். "பயமா இருக்கு, தலை வெடிக்குது" என்கிறார். முகம் சிவந்து வியர்க்கிறது. பதற்றம் என்று மாத்திரை கொடுத்துவிடுவார்கள். பி.பி.யின் மேல் எண் பார்த்தால் 160. இவருடைய வழக்கமான அளவே 100தான். சாதாரண ஆளுக்குச் சரியென்று தோன்றும் 130கூட இவருக்கு எச்சரிக்கை. வழக்கத்தைவிட 20 கூடினாலே சந்தேகப்பட வேண்டும். நாடித்துடிப்பு மெதுவாக இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, கால்களைத் தொங்கவிட்டு, இடுப்புப் பட்டை, காலுறை எல்லாவற்றையும் தளர்த்துங்கள். டாக்டரைக் கூப்பிடச் சொல்லிவிட்டு யூரின் ட்யூபைப் பையிலிருந்து மேல்வரை தடவிப் பாருங்கள். பெரும்பாலும் மடங்கியிருக்கும் அல்லது அடைத்திருக்கும். அடைப்பென்றால் 10 முதல் 15 மி.லி. சலைன் மெதுவாக விட்டுப் பார்த்து, வழிவிடாவிட்டால் ட்யூபை மாற்ற வேண்டும். அதுவும் இல்லையென்றால் மலக்கட்டா என்று பார்க்க வேண்டும். மரத்துப்போக வைக்கும் லிக்னோகெயின் ஜெல் தடவிக் காத்திருந்துதான் விரல் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் தூண்டலே பி.பி.யை இன்னும் ஏற்றும். 150க்கு மேலேயே நின்றால் மருந்து தேவைப்படும். 2 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை அளவு பார்க்கவும். இறங்கிய பிறகும் 2 மணி நேரமாவது தொடர்ந்து கவனிக்க வேண்டும். காரணம் தீராவிட்டால் மறுபடி ஏறும்.