சடச்சி மர வில்: கீழ் லிம்ப் ஒரே இடத்துல மடங்குது, சரிபண்ண முடியுமா?

மேலூர்_சிலை கேட்டது:

வணக்கம்ங்க. சடச்சி மரத்துல ஒத்தைக்கட்டை வில் ஒண்ணு பாதி வேலையில நிக்குது. நுனிக்கு நுனி 68 இன்ச். பிடியும் அதோட சரிவும் சேர்ந்து நடுவுல 8 இன்ச், அது வளையாது. லிம்ப் (பிடிக்கு மேலயும் கீழயும் வளையற கை) அகலம் 1¾ இன்ச், பாதி தூரம் வரைக்கும் அப்படியே போய் அங்கிருந்து ஒடுங்கி நுனியில ½ இன்ச். 28 இன்ச் இழுப்புல 40 பவுண்டு வேணும்.

இப்ப 3 இன்ச் உயரத்துக்கு (பிடிக்கும் நாணுக்கும் நடுவுல உள்ள தூரம்) நாண் ஏத்தி, சுவத்துல கப்பி போட்டு 18 இன்ச் வரைக்கும் இழுத்துப் பாத்தேன். தொங்கு தராசு 30 பவுண்டு காட்டுது. மேல் லிம்ப் கொஞ்சம் விறைப்பா இருந்தாலும் வளைவு ஒழுங்கா இருக்கு. கீழ் லிம்ப்ல பிடிப்பக்கம் 10 இன்ச் பலகை மாதிரி நேரா நிக்குது, நுனியில இருந்து 9 இன்ச்ல முழங்கை மாதிரி மடங்குது. அந்த இடத்துல வெர்னியர் வச்சா தடிமன் 10.4 மி.மீ. மேல் லிம்ப்ல அதே இடம் 11.2. 0.8 மி.மீ. வித்தியாசத்துக்கா இவ்வளவு மடக்கு? இதைக் காப்பாத்த முடியுமா, இல்ல வேற கட்டை பாக்கணுமா?

உளிக்காரன்:

தம்பி, வில் பிழைக்கும். முதல்ல அரத்தைக் கீழ வச்சிருங்க, இனி 18 இன்ச் வரைக்கும் இழுக்கவே கூடாது. மடக்கு கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கிற தூரம் எதுவோ அதான் இன்னைக்கு எல்லை. 13, 14 இன்ச்லயே தெரிஞ்சா அங்கயே நிறுத்துங்க. அதுக்கு மேல இழுக்கிற ஒவ்வொரு இழுப்பும் அந்த ஒரே இடத்து நாரைத்தான் நசுக்கும்.

0.8 மி.மீ. சின்ன விஷயம் இல்ல. அகலத்தைப் பாதியாக்கினா விறைப்பும் பாதியாகும், ஆனா தடிமனைப் பாதியாக்கினா விறைப்பு எட்டுல ஒரு பங்காயிரும். உங்க கணக்கையே போடுங்க. 10.4-ஐ 11.2-ஆல வகுத்தா 0.93 சொச்சம். அதை மூணு தடவை பெருக்கினா 0.80. அந்த இடத்துல நூத்துக்கு 20 பங்கு விறைப்பு போயிருச்சு. அகலத்தையும் அளந்து பாருங்க. ஒடுங்கல் மேல் லிம்பை விடச் சீக்கிரமா ஆரம்பிச்சிருந்தா இன்னும் கொஞ்சம் அதுலயும் போயிருக்கும்.

எடுத்த மரத்தை ஒட்ட முடியாது. அதனால அந்த இடத்தை விட்டுட்டு மத்த இடமெல்லாம் அதோட அளவுக்கு இறங்கி வரணும். நீங்க சொன்ன எடையைப் பாத்தா அதுக்கு மரம் மிச்சம் இருக்கு. 28-ல 40 வர வேண்டிய வில் 18-ல 22, 24 பவுண்டுதான் காட்டணும். உங்களுது 30. இப்படியே போனா 50-ஐத் தாண்டும். அந்தக் கூடுதல் பத்து பவுண்டுதான் உங்களுக்கு மிச்சம் இருக்கிற கையிருப்பு, அதைப் பாத்துச் செலவு பண்ணுங்க.

மடக்குக்கு ரெண்டு பக்கமும் 2 இன்ச் விட்டு பென்சிலால பெருக்கல் குறி போடுங்க, அந்த 4 இன்ச்ல சீவற கண்ணாடிச் சில்லுகூடப் படக்கூடாது. பிடிச் சரிவு முடியற இடத்துல இருந்து குறிக்கு 2 இன்ச் முன்னால வரைக்கும், வயித்துப் பக்கம் (இழுக்கிறவரைப் பாத்த பக்கம்) மட்டும், நீளமா ஒரே வீச்சுல 20 தடவை அரம் ஓட்டுங்க. நின்னு நின்னு தேய்ச்சா அங்க இன்னொரு மடக்கு பிறக்கும். அப்புறம் எல்லைக்குள்ள 30 தடவை மெதுவா இழுத்து விடுங்க. மரம் தன் மாத்தத்தை உடனே காட்டாது, அந்த 30 இழுப்புக்கு அப்புறம்தான் உண்மையான வளைவு தெரியும். இதுல அவசரப்பட்டு, "ஒண்ணும் மாறலையே"ன்னு மறுபடி அரம் போட்டுத்தான் நிறைய வில்லு கெட்டுப்போகுது. முதுகுப் பக்கம் (இலக்கைப் பாத்த பக்கம்) எக்காரணம் கொண்டும் கை வைக்காதீங்க, அங்க நார் அறுந்தா சிலாம்பு கிளம்பும்.

இழுக்கும்போது வில்லுக்கு நேரா நிக்காதீங்க. கப்பிக் கயிறைப் பக்கவாட்டுல 8 அடி தள்ளிக் கொண்டுபோய் அங்க இருந்து இழுங்க.

அழகர்மலை_அடிவாரம்:

அண்ணன் சொன்னது சரி. விறைப்பான இடத்தைக் கண்ணால தேடறது கஷ்டம், அதுக்கு ஒரு சின்னக் கட்டை செஞ்சுக்கங்க. 6 இன்ச் நீளம், ஒரு இன்ச் அகலம், ஒரு பக்கம் பிசிறில்லாம நேரா இழைச்சிருக்கணும். நடுவுல ஓட்டை போட்டு பென்சில் துண்டை இறுக்கமாச் செருகுங்க. வில் நாண் ஏறி நிக்கும்போது வயித்துப் பக்கம் குழிஞ்சிருக்கும் இல்லையா, அதுல கட்டையோட ரெண்டு முனையும் உக்காரும், நடுவுல சந்து விழும். நல்லா வளையற இடத்துல வச்சு, பென்சில் முனை மரத்தை மயிரிழையில தொடாத மாதிரி தள்ளி வையுங்க. பிடியில இருந்து நுனி வரைக்கும் ஓட்டினா வளையாத இடத்துல சந்து குறையும், பென்சில் தானா கோடு போடும். கோடு விழுந்த இடத்துல மட்டும் சீவுங்க. ஆனா பென்சிலை அந்த மடக்குல வச்சு அளவு எடுத்துறாதீங்க, வில் முழுக்கக் கோடு விழும். மேல் லிம்போட நடுவுல எடுங்க. கடைசி 6 இன்ச் நுனி கொஞ்சம் விறைப்பா இருக்கிறதுதான் நல்லது, அங்க கோடு விழுந்தாலும் விட்டுருங்க.

இன்னொண்ணு, உங்க வில்லு வட்டமா வளையணும்னு எதிர்பார்க்காதீங்க. பிடியில இருந்தே ஒடுங்கி, தடிமன் ஒரே சீரா இருக்கிற வில்லுதான் வட்டத்துண்டு மாதிரி வரும். உங்களுது பாதி வரைக்கும் ஒரே அகலம், அதனால பிடிப்பக்கம் கம்மியாவும் நடுவுக்கு அப்பால கொஞ்சம் கூடவும் வளைஞ்சு, படுத்த முட்டை மாதிரி வரணும். சுவத்துல ஒரு இன்ச் கட்டம் கட்டமாக் கோடு போட்டு, போன்ல படம் எடுத்து, இடவலமாத் திருப்பி ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பாருங்க.

மடக்கு எந்த லிம்ப்லன்னும் யோசிக்கணும். விரலை அம்புக்கு ரெண்டு பக்கமும் வச்சு இழுக்கிறவங்களுக்குக் கீழ் லிம்ப் ஒரு பொட்டு விறைப்பா இருக்கணும். பிடிச் சரிவு முடியற இடத்துல இருந்து நாணுக்கு அளந்தா மேல் லிம்ப்ல 3-ல இருந்து 6 மி.மீ. கூட இருக்கணும். உங்களுக்கு வீக்காப் போனது கீழ் லிம்ப். அதனால அதைச் சீர் பண்ணின பிறகு மேல் லிம்ப்ல இன்னும் கூடவே எடுக்க வேண்டி வரும். ஆனா அந்த 3 மி.மீ. அளவை இப்ப எடுக்காதீங்க. வளைவு ஒழுங்காகாம எடுத்தா பொய் சொல்லும்: பிடிப்பக்கம் நேரா நின்னு நுனிப்பக்கம் மடங்கற லிம்ப், அளவுல விறைப்பான லிம்ப் மாதிரியே காட்டும்.

கப்பிக் கொக்கி நாணோட நட்டநடுவுல மாட்டியிருக்கீங்களா? அப்படின்னா அதையும் மாத்துங்க. உங்க விரல் எங்க பிடிக்குமோ அங்க கொக்கி, உள்ளங்கை எங்க அழுத்துமோ அங்க தாங்கு கட்டை. இல்லேன்னா சுவத்துல சமமா வளையற வில், கைக்கு வந்ததும் ஒரு பக்கம் சாயும்.

வைகைக்கரை:

மரம் காய்ஞ்சதான்னு யாரும் கேக்கலையே. ஈரமரத்துல டில்லர் (வளைவைச் சீர்பண்ற வேலை) பண்ணினா வளைவு எவ்வளவு அழகா வந்தாலும் வில் வளைஞ்சபடியே நின்னுரும். சமையல் தராசுல தினம் ஒரே நேரத்துல நிறுத்து எழுதி வையுங்க, ஒரு வாரம் எடை அசையலைன்னா வேலையைத் தொடரலாம். நாண் கழட்டினதும் நுனி 2 இன்ச் வரைக்கும் உள்வாங்கி நிக்கறது சகஜம். 3-ஐத் தாண்டினா ஒண்ணு ஈரம், இல்ல அளவுக்கு மீறி இழுத்திருக்கீங்க.

அதுக்காகக் கத்திரி வெயில்ல மொட்டைமாடியில போட்டுறாதீங்க. நம்ம ஊரு சித்திரை வெயில் கட்டையை வெடிக்க வச்சிரும், வெடிக்கலேன்னாலும் நொறுங்கற பதத்துக்குக் காயும். வீட்டுக்குள்ள, காத்தோட்டமா, பரண்ல படுக்கப் போடுங்க. ஐப்பசி கார்த்திகை அடைமழையில டில்லர் வேலையை நிறுத்தி வைக்கிறதே நல்லது.

மடங்கற இடத்தோட வயித்தை விளக்கு வெளிச்சத்தைச் சாய்ச்சுப் பிடிச்சுப் பாருங்க. குறுக்க முடி மாதிரி கோடு தெரியுதா, நகம் வச்சு இழுத்தா தட்டுதா? தட்டினா நார் நசுங்கிருச்சு, அப்ப 40 பவுண்டை மறந்துட்டு 30-க்கு இறங்கணும்.

மேலூர்_சிலை:

ரொம்ப நன்றி அண்ணே, எல்லாருக்கும். விளக்கு வச்சுப் பாத்தேன், கோடு இல்ல, நகமும் தட்டலை. ஒடுங்கல் கீழ் லிம்ப்ல ஒரு இன்ச் முன்னாலயே ஆரம்பிச்சிருக்கு, அளந்ததும் தெரிஞ்சுது. ஒரு சந்தேகம்: கண்ணாடிச் சில்லு வச்சுச் சீவினா வயித்துல அலை அலையா விழுது. அதை விட்டுட்டு அரம் மட்டும் போடவா?

உளிக்காரன்:

கோடு இல்லேன்னா 40 கிடைக்கும் தம்பி. அலை விழறது சில்லை ஒரே கோணத்துல, ஒரே திசையில இழுக்கறதால. சில்லை நாருக்குக் குறுக்க நேரா வைக்காம 45 டிகிரி சாய்ச்சுப் பிடிங்க, நாலு இழுப்புக்கு ஒரு தடவை சாய்வை எதிர்ப்பக்கம் மாத்துங்க. ஏற்கெனவே விழுந்த அலையைச் சில்லால எடுக்க முடியாது, அது பள்ளத்துக்குள்ளயே மறுபடி இறங்கும். நீளமான மரக்கட்டையில 80 நம்பர் உப்புத்தாளைச் சுத்தி, அலை மறையற வரைக்கும் தேய்ங்க. ஒவ்வொரு அலையோட பள்ளமும் ஒரு குட்டி மடக்குதான், அப்படியே விட்டா நசுங்கல் கோடு அங்கதான் முதல்ல விழும்.

பென்சில் கட்டை கீழ் லிம்ப்ல கோடு போடறதை நிறுத்தின பிறகு மேல் லிம்பைத் தொடுங்க. அப்புறம் நாண் உயரத்தை 3-ல இருந்து 6 இன்ச்சுக்கு ஏத்தி, இழுப்பை ஒவ்வொரு இன்ச்சாக் கூட்டுங்க. எந்த இன்ச்லயும் தராசு 40-ஐத் தாண்டக் கூடாது, தாண்டற மாதிரி இருந்தா அங்கயே நிறுத்தி ரெண்டு லிம்ப்லயும் சமமா எடுங்க. 27-க்கு வரும்போது 41, 42 இருக்கட்டும். இந்த ஒரு இடத்துல மட்டும் அந்த விதியைத் தளர்த்தலாம். விளிம்பு உருட்டறது, உப்புத்தாள், முதல் நூறு அம்பு எல்லாம் சேர்ந்து அந்த மிச்சத்தைச் சாப்பிட்டுரும். கடைசி ஒரு இன்ச்சைச் சுவத்துல இழுக்காதீங்க, கையில பிடிச்சு இழுங்க.