புதுப்பிப்பு: கலமத்தியானோஸ் நடனத்துக்குத் தாளம் பிடிபட்டது

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. மெல்பர்ன் ஓக்லீயில் எங்கள் பள்ளியின் புது நூலகத் திறப்பையும் கிரேக்கப் பெற்றோரின் விழாவையும் ஒரே நாளில் வைத்தார்கள். மார்ச் 25 கிரேக்க விடுதலை நாளை ஒட்டிய விழா. அதில் கலமத்தியானோஸ் என்ற, கை கோத்து வட்டமாக ஆடும் கிரேக்க நடனத்தை ஆட வேண்டிய என் மகளுக்குத் தாளம் பிடிபடவில்லை என்றுதான் கேட்டிருந்தேன்.

வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தது உதவவில்லை. பலித்தது நீங்கள் சொன்ன மிஸ்ர சாபு யோசனை, அதாவது கர்நாடக இசையின் ஏழு எண்ணிக்கைத் தாளம். அந்த நடனமும் ஏழு எண்ணிக்கைதான்: மூன்று, இரண்டு, இரண்டு. 'தகிட'வுக்கு ஓர் அடி, 'தக'வுக்கு ஓர் அடி, 'திமி'க்கு ஓர் அடி. இப்படி நான்கு முறை சொன்னால் பன்னிரண்டு அடியும் முடிந்துவிடும். பாட்டு கிளாஸில் கேட்ட சொற்கட்டு என்பதால் அரை மணி நேரத்தில் பிடித்துக்கொண்டாள்.

எதிர்பாராதது ஒன்று. வீட்டில் தனியாகப் பழகினாள். மேடையிலோ முழங்கையை மடக்கித் தோள் உயரத்தில் பக்கத்துப் பிள்ளைகளின் கையைப் பிடிக்க வேண்டும். அந்த இழுப்பில் முதல் சுற்றில் தடுமாறினாள். பழகும்போதே இரண்டு பேராவது கை கோத்து ஆடுங்கள்.

அப்புறம் புது நூலகம். முன்பு படிக்கட்டு மட்டும் இருந்த வாசலில் இப்போது சாய்தளம். சக்கர நாற்காலியில் வரும் அவள் வகுப்புத் தோழன்தான் முதலில் உள்ளே போனான். அவன் கையில் தேன் சொட்டச் சொட்ட லுகுமாடெஸ் என்ற கிரேக்க இனிப்பு உருண்டைகள்.