யாழ்ப்பாணத்தில் வந்து குடியேறியவர்களிடம் வினாக்கொத்தோடு (ஆய்வுக் கேள்விப் படிவத்தோடு) போன அனுபவம் உண்டா? வாசகர்கள் எழுதியவை:

ஹட்டன் பிள்ளை:
நான் மலையகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் படிக்க வந்தவள். தமிழக அகதி முகாம்களிலிருந்து திரும்பி வலிகாமம் கிழக்கில் குடியேறிய குடும்பங்களைப் பற்றிய ஓர் ஆய்வுக்காக, அவர்களுடைய அயல் வீடுகளில் வினாக்கொத்து நிரப்பும் வேலையைச் செய்தேன். ஒன்பதாவது கேள்வி, "புதிதாக வந்த குடும்பத்தினருடன் நீங்கள் பேசுவதுண்டா?" என்பது. முற்றத்தில் பாய் விரித்து, பிளந்த பனங்கிழங்கை ஒடியலாகக் காயவைத்துக்கொண்டிருந்த ஓர் ஆச்சி, காகத்தை விரட்ட ஓங்கிய கையை அப்படியே நிறுத்திவிட்டு, "நாங்கள் ஏன் பிள்ளை அவையைப் பேசப் போறம்? நல்ல சனம்" என்றார். நான் "இல்லை" என்ற கட்டத்தில் அடையாளமிட்டேன். அந்த ஒழுங்கையின் பதினொரு வீடுகளுக்கும் அதே அடையாளம்தான்.

மூன்று வாரம் கழித்து, "அம்மா நேற்று என்னோடு நெடுநேரம் பேசினார்" என்று விடுதியில் நான் சொன்னதற்கு, "என்ன பிழை விட்டனீர்?" என்று அறைத்தோழி கேட்டாள். இங்கே பேசுவது என்றால் ஏசுவது, உரையாடுவதற்குக் கதைப்பது என்பார்கள் என்று அப்போதுதான் விளங்கியது. அதற்குள் படிவங்கள் கட்டிக் கொடுக்கப்பட்டுவிட்டன. அயலவர்கள் அக்குடும்பங்களை ஒதுக்கிவைக்கிறார்கள் என்று எங்கோ ஓர் அட்டவணை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கும்.

முகாமில் பிறந்தவன்:
தங்கச்சி, சொல் மாறியதை ஒரு மாதத்தில் திருத்திவிடலாம். நானும் வந்த புதிதில் "டீச்சர் என்னிடம் பேசினாங்க" என்று சொல்லி வகுப்பையே சிரிக்க வைத்தவன்தான். என்னை இன்றும் உறுத்துவது வேறொன்று. அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஆணையாளர் அலுவலகத்தின் உதவியோடு, அம்மாவுடன் விமானத்தில் வந்து இறங்கினேன். என்னிடம் இருந்தது இந்தியப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு இலங்கைக் குடியுரிமைப் பதிவு வேண்டும் என்பதை முகாமில் எங்களுக்கு ஒருவரும் விளங்கச் சொல்லவில்லை. அடையாள அட்டைக்குப் போன இடத்தில், யன்னலுக்கு அப்பால் இருந்தவர் என் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அடுத்த மேசைக்காரரிடம், "இது எங்கட ஆளோ, அவங்கட ஆளோ?" என்று கேட்டார். நான் அவருக்கு முன்னால்தான் நின்றேன். பிறகு ஒழுங்கையிலிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், என் தாயாரின் பழைய பள்ளிக்கூடத்துப் பதிவு இடாப்பைத் தேடிப் பிடித்து, கிராம அலுவலரிடம் மூன்று தடவை நடந்து, என் பதிவுச் சிக்கலைச் சரிப்படுத்தினார். ஆய்வுக்கு வந்தவர்கள் ஐந்து தடவை வந்தார்கள். அந்த ஆசிரியையின் வீட்டுப் படலையை அவர்களில் ஒருவரும் தட்டவில்லை.

சோனகதெரு வாசகர்:
நீங்கள் இருவரும் "புதிதாக வந்தவர்கள்" என்று எழுதுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1990 ஒக்டோபர் 30ஆம் தேதி, இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. புத்தளத்தில் இருபது ஆண்டுகள் இருந்துவிட்டு, போர் முடிந்தபின் திரும்பினோம். ஒரு நாள் படிவத்தோடு வந்த பையன், "இங்கு குடியேறிய ஆண்டு?" என்று வாப்பாவைக் கேட்டான். "நான் இங்கேதான் பிறந்தேன், மகன்" என்றார் வாப்பா. அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. பையன் சங்கடத்தோடு சற்று நேரம் பேனையைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, 2011 என்று எழுதினான். வாப்பா அதைத் தலைகீழாகவே வாசித்துவிட்டு உள்ளே போய்விட்டார். ஒரு குடும்பமாகப் போன நாங்கள் நான்கு குடும்பங்களாகத் திரும்பினோம், காணி உறுதியோ ஒரே வளவுக்குத்தான். வாக்காளர் பதிவு புத்தளத்தில் கிடந்ததால் வீட்டுத் திட்டத்துக்கும் இழுபறி. இதையெல்லாம் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்:
சோனகதெருத் தம்பி குறிப்பிட்ட அதே தேதியில், சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995 ஒக்டோபர் 30ஆம் தேதி இரவு, வலிகாமத்துச் சனத்தோடு சனமாக இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவன் நான். சாவகச்சேரியில் ஒரு வீட்டு விறாந்தையில் ஏறினோம். அந்த வீட்டுக்கார அம்மா எங்கள் பெயரைக் கேட்கவில்லை, "பாய் இருக்கோ?" என்றுதான் கேட்டார். என் அனுபவம் அவ்வளவுதான்.

யாரும் கேட்காவிட்டாலும் சிலவற்றைச் சொல்லிவைக்கிறேன். தமிழகத்திலிருந்து புறப்படவிருப்பவர்கள், பிள்ளைகளின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்துகொண்டு புறப்படுவதே நல்லது. பதியாமல் வந்துவிட்டவர்கள், பெற்றோரின் பிறப்புச் சான்றிதழ்கள், விவாகப் பதிவு, பிள்ளையின் இந்தியப் பிறப்புச் சான்றிதழ், முகாம் அட்டை ஆகியவற்றைப் போட்டோப் பிரதிகளோடு வைத்துக்கொண்டு, குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் குடியுரிமைப் பிரிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். மூலப் பத்திரத்தை எந்த மேசையிலும் விட்டுவிட்டு வராதீர்கள். பெயரின் எழுத்து தாளுக்குத் தாள் மாறியிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். நான் வேலையிலிருந்த காலத்தில் ஒரு "ற"கரத்துக்காக எட்டு மாதம் இழுபட்ட கோப்பைப் பார்த்திருக்கிறேன். ஆய்வு செய்யும் பிள்ளைகளுக்கும் ஒன்று: வினாக்கொத்தை அச்சடிக்க முன்னர், அவ்வூர்ச் சனசமூக நிலையத்தில் பத்திரிகை வாசிக்க வரும் நாலு பேரிடமும் மாதர் சங்கத்தாரிடமும் அதைக் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். "பேசுவதுண்டா" என்ற கேள்வி அங்கேயே செத்திருக்கும். முடிவுகள் வந்ததும் அதே மண்டபத்தில் கூட்டிச் சொல்லுங்கள், பிழையென்றால் சனம் அங்கேயே மறிக்கும். நீட்டி எழுதுவதற்கு மன்னிக்கவும், பழைய தொழில் புத்தி.

ஹட்டன் பிள்ளை:
ஐயா, முடிவுகளை எந்த மண்டபத்திலும் நாங்கள் சொல்லவில்லை. அண்ணா சொன்ன படலைகளையும் தட்டவில்லை. ஆனால் இங்கே எழுதிய பிறகு மனம் கேட்காமல், சைக்கிளை எடுத்துக்கொண்டு போன சனிக்கிழமை அந்த ஒழுங்கைக்குப் போனேன். "கதைப்பீர்களா?" என்று கேட்டேன். ஒன்பது வீடுகளில் சிரித்துவிட்டு ஆம் என்றார்கள், ஆச்சி ஒடியல் மா ஒரு பொட்டலம் கட்டித் தந்தார். மற்ற இரண்டு வீடுகளிலும் உண்மையாகவே கதை இல்லை. காரணம் ஒரு பங்குக் கிணறு. உறுதிப்படி அதில் நாலிலொரு பங்கு திரும்பி வந்த குடும்பத்துக்கு உரியது. வந்த குடும்பத்தினர் இல்லாத காலமெல்லாம் அதைக் கலக்கித் துப்புரவாக்கி, துலாவை எடுத்துவிட்டு மோட்டர் வைத்து இறைத்தவர்கள் அந்த இரண்டு வீட்டாரும். எங்கள் வினாக்கொத்தில் தண்ணீரைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: "குடிநீர் எங்கிருந்து பெறுகிறீர்கள்?" அவ்விரு வீட்டாரும் "சொந்தக் கிணறு" என்றே சொல்லியிருந்தார்கள். வந்த குடும்பத்தின் படிவத்தை நிரப்பியவள் என் தோழி. அவளைக் கேட்டேன். அதிலும் "சொந்தக் கிணறு" என்றுதான் இருக்கிறதாம்.