புதுப்பிப்பு: கனடாவின் சஸ்காட்சுவான் மாகாண வறண்ட நிலத்தில் போட்டதும் முளைத்ததும்

இங்கே சுவிஃப்ட் கரன்ட் ஊர்ப் பக்கம், ஆண்டுக்கு மழையும் பனியும் சேர்ந்தே 350 மி.மீ. அளவுதான், என்ன விதைக்கலாம் என்று போன வசந்தத்தில் கேட்டிருந்தேன். மைசூர்ப் பருப்பு போட்டோம். ஈரத்தை அளவாகத்தான் குடிக்கும், தழைச்சத்தையும் தானே பிடித்துக்கொள்ளும். தேறிவிட்டது.

சறுக்கியது தீவனப் புல்தான். கிரெஸ்டட் வீட்கிராஸ் விதையையும் பருப்பு இறங்கிய அதே நாலு சென்டிமீட்டர் ஆழத்தில் இறக்கிவிட்டேன். ஒன்றரை போதுமாம்! பாதி முளைக்கவே இல்லை. என் அவசரம், வேறென்ன.

அப்புறம், மாட்டுத் தீவனத்துக்கு அல்ஃபால்ஃபாவுக்கு (குதிரைமசால்) பதில் செயின்ஃபாயின் என்ற தீவனப் பயிரைச் சொன்னவருக்கு நன்றி. மாட்டுக்கு வயிறு உப்பவில்லை. இலையுதிர்கால மேய்ச்சலுக்கு ரஷ்யன் வைல்ட்ரை என்ற புல். காய்ந்தாலும் மற்ற புற்களைவிடச் சத்தோடு நிற்கும். வரும் மே மாதம் விதைப்பு, இந்தமுறை ஆழமில்லாமல் மேலாக.