விதைநெல் கோணியில் அந்து: உங்களுக்கும் வந்திருக்கிறதா?

மாசியில் கட்டி வைத்த மாப்பிள்ளைச் சம்பா விதையை ஆவணியில் பிரித்தேன். கோணி வாயை அவிழ்த்ததுமே இருபது முப்பது பூச்சி முகத்தில் மோதிப் பறந்தன. அந்துப்பூச்சி. அடிவயிறு கலங்கிவிட்டது.

ஒன்றைத் தம்ளரில் கவிழ்த்துப் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அரை விரற்கடை நீளம்கூட இல்லை. மேல் இறக்கை வெளிறிய வைக்கோல் நிறம். கீழ் இறக்கை சாம்பல். நுனி விரல் நீட்டின மாதிரி கூராக இருக்கிறது, ஓரமெல்லாம் நீளமான மயிர்க் குஞ்சம். உட்கார்ந்திருக்கும்போது இதெல்லாம் தெரியாது, நெல் உமி ஒட்டியிருப்பது போலத்தான் தெரியும்.

அப்புறம் நெல்லை உள்ளங்கையில் பரப்பினேன். சிலதில் வட்டமாக ஓட்டை. சிலதில் ஓட்டை இல்லை, அதே அளவில் மெல்லிய மூடி மட்டும். நகம் பட்டதும் மூடி உடைந்தது; அரிசி இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பாக ஒரு கூட்டுப்புழு. பூச்சி வெளியேற வேண்டிய வழியைப் புழுவே முன்கூட்டிக் குடைந்து, மேல்தோலை மட்டும் விட்டு வைக்கிறது! ஒரு நெல்லுக்கு ஒரு புழு. முளை போய்விட்டால் அது விதையே இல்லை.

கோணியைத்தான் சந்தேகப்பட்டேன். கதிர் முற்றும்போதே வயலில் முட்டை வைத்துவிடும் என்று பெரியப்பா சொன்னார். உமி சரியாக மூடாத நெல்லில் புழு சுலபமாக நுழைந்துவிடுமாம்.

மறுமொழி 1
எங்களுக்கு மக்காச்சோளத்தில் வந்தது. மணி பெரிது என்பதால் ஒன்றிலேயே இரண்டு புழு இருந்தது. கோதுமை, சோளம் எதையும் இது விடாது. வெப்பமான நாடுகள் எல்லாவற்றிலும் இருக்கிறது. பிரான்சில் அங்குமுவா என்ற பகுதியில் கோதுமையை இது பாழாக்கியபோது, 1760இலேயே துயமெல், தில்லே என்ற இருவர் அங்கே போய் ஆராய்ந்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் இன்றும் அந்த ஊர்ப் பெயர்தான் இதற்கு.

மறுமொழி 2
அண்ணே, எல்லாம் போச்சு என்று கொட்டிவிடாதீர்கள். எங்கள் பத்தாயத்தில் மேல் அடுக்கில்தான் சேதம், இந்தப் பூச்சியால் நெற்குவியலுக்குள் ஆழமாக இறங்க முடியாது. மேலாக இருந்ததை அள்ளிக் கோழிக்குப் போட்டோம். அடியில் இருந்ததில் நூறு நெல்லை எண்ணி ஈரத்துணியில் முடிந்து வைத்தோம், தொண்ணூறுக்கு மேல் முளைத்தது. உங்கள் கோணியிலும் அடிநெல்லை முதலில் முளைக்கட்டிப் பாருங்கள்.